கல்நார் நோயும் அரசினர் அளிக்கும் ஈடும்

தோற்றுவாய்

திருவாரூரில் மனுவேந்தன் செங்கோல் ஓச்சிய காலத்தே நிகழ்ந்ததாக வழங்கும் வழக்கினை அறியாத தமிழ் மக்கள் இலர். அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலிற் சிக்கி ஆன்கன்று ஒன்று மடிந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. அரசன் வெளிப்போந்து வினவினான், உண்மை உணர்ந்தான், முறை செய்தான். அவ்வழக்கின் பெருமை அரசனது நடுவுநிலைமையின்பாற்பட்டது. ஆயினும் வழக்கு எளியதே. கன்று கிடந்த இடத்திலேயே தேரும் நின்றது, குருதியும் உலர்ந்திலது, செய்தவன் இன்னான் என்பதில் ஐயம் இல்லை, மணியும் பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்திலேயே தொங்கிற்று.

இனி வேறொரு வழக்கினை எண்ணிப் பார்ப்போம். தேர் உருண்டு நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே கன்று விழுகின்றது. அதற்குள் தேரை ஊர்ந்தவன் இறந்து போனான், தேரும் விறகாயிற்று. அவ்வழியே சென்ற தேர்களோ பல. எத்தேரின் கால் பட்டது என்று கூறுவாரும் இலர். அந்நிலையில் மணியொலி கேட்டு வெளிவரும் அரசன் செய்யத் தக்கது யாது? செய்தவனைக் கொண்டுவருக என்று கூறி உள்ளே சென்றுவிடலாமா?

இவ்வினா வெறுங் கற்பனை அன்று. கல்நார்த் தூசியால் நோயுற்ற தொழிலாளர் இங்கிலாந்து தேசத்தில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எழுப்பிய வினா இதுவே. அதற்கு அந்நாட்டு அரசாங்கத்தார் படிப்படியாகக் கூறிவந்த விடையை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம். தமிழ் இலக்கியம் பயிலும் எமக்கு இப்பொருளில் உரிமை யாது என நேயர் வினவலாம். இவ்வரலாற்றைக் கற்குந்தோறும், இது பெரும்பாலும் சொற்களைப் பற்றிய வரலாறாகவே எமக்குத் தோன்றிற்று. ஒரு நோய்க்குப் பெயர் இருந்ததா இல்லையா, தீங்கு செய்தவன் என்னும் எழுவாய் அகப்பட்டதா இல்லையா, 'தொழிலாளி' என்னும் சொல் யாரைத் தழுவிற்று, யாரை விலக்கிற்று என்பவற்றின்மேலேயே ஏழை மக்கள் பலருடைய உணவும் மருந்தும் நின்றன. சொல்லைப் பயில்வோர் இதனைப் புறக்கணித்தல் தகாது என்று துணிந்தோம்.

கல்நாரும் அதனால் விளையும் நோய்களும்

கல்நார் நிலத்தினின்று அகழ்ந்தெடுக்கப்படும் கனிப்பொருள். கல்லாய் இருந்தும் நாராய்ப் பிரிதலின் தமிழில் இப்பெயர் பெற்றது. அஸ்பெஸ்டாஸ் என்னும் கிரேக்கப் பெயர் 'அணையாதது' எனப் பொருள்படும். அது தீயிற் கருகாது. வெப்பத்தை எளிதிற் கடத்தாது. பஞ்சைப்போல நூற்கவும் நெய்யவும் இடங்கொடுக்கும். ஆதலின் நீராவி எந்திரங்கள் பெருகிய காலத்தே அதன் மதிப்பும் பெருகிற்று. கொதிகலங்களுக்கும் குழாய்களுக்கும் உறையாகவும், கப்பல்களின் உட்சுவர்களிற் பூச்சாகவும், வண்டிகளின் பிரேக்குப் பட்டையாகவும், வீடுகளின் கூரைத் தகடாகவும் அது பயன்பட்டது. வெள்ளை, நீலம், பழுப்பு என்னும் மூவகைக் கல்நாரே வாணிகத்தில் மிக வழங்கின.

இத்துணை நலமுடைய பொருளின் தீமை அதன் நார்த்தன்மையிலேயே உறைகின்றது. நாரை உடைக்கும்பொழுதும் அறுக்கும்பொழுதும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிழைகள் காற்றில் எழுந்து மிதக்கும். மூச்சோடு உட்புகுந்த இழைகள் நுரையீரலின் ஆழத்திற் சென்று தங்கிவிடும். புறத்தினின்று வரும் பொருளை விழுங்கி அழிக்கும் உடலணுக்கள் அந்நீண்ட இழைகளை முற்றும் விழுங்க மாட்டாமல் தாமே மடியும். புண்ணும் வடுவும் மாறி மாறித் தோன்றி, மெல்லிய நுரையீரல் தடித்து இறுகும். மூச்சு நாளுக்கு நாள் குறுகும். இதுவே அஸ்பெஸ்டோசிஸ் எனப்படும் நோய். இதுவேயன்றி, நுரையீரற் புற்றுநோயும், நுரையீரலைச் சூழ்ந்த உறை தடித்துப்போதலும், அவ்வுறையிலேனும் வயிற்றறையின் உறையிலேனும் தோன்றும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றும் கல்நாரால் விளைவன.

இந்நோய்களுக்குப் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. அதுவே எம் கட்டுரைக்கு உயிர்நிலையாவது. தூசியை உட்கொண்ட நாளுக்கும் நோய் வெளிப்படும் நாளுக்கும் இடையே நெடுங்காலம் கழியும். மீசோதீலியோமா பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது ஆண்டுகள் வரை மறைந்து கிடந்தே தோன்றுகின்றது. ஆனால் தோன்றிய பின்போ, பெரும்பாலார்க்கு ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக் காலமே வாழ்நாள் எஞ்சுகின்றது. வருவதற்கு அரை நூற்றாண்டு எடுத்துக்கொள்ளும் நோய், வந்தபின் வழக்காடுவதற்கு இரண்டாண்டேனும் தருவதில்லை.

பெயர் பெறாத நோய்

இங்கிலாந்தில் 1897-ம் ஆண்டில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் பிறந்தது. வேலையில் விபத்துற்றவனுக்கு முதலாளி ஈடு கொடுத்தல் வேண்டும் என்றும், முதலாளி குற்றவாளி என்று மெய்ப்பித்தல் வேண்டுவதன்று என்றும் அச்சட்டம் விதித்தது. 1906-ம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையைச் சில தொழில் நோய்களுக்கும் விரித்தது. முதலில் ஆறு நோய்களே அதன் அட்டவணையில் இடம்பெற்றன. ஈயம், பாதரசம் முதலியவற்றின் நச்சு அவற்றுள் அடங்கும். கல்நார்த் தூசி அதில் இல்லை.

அறியாமையால் அது விடுபட்டது என்று முற்றும் கூறுதற்கும் இல்லை. தொழிற்சாலைப் பரிசோதகராக இருந்த லூசி டீன் என்னும் பெண்மணியார், கல்நார்த் துகள்கள் கண்ணாடிச் சில்லுப்போலக் கூர்மையாய் இருத்தலையும் அவற்றால் உடல்நலம் கெடுதலையும் 1898-ம் ஆண்டைக்குரிய அறிக்கையிலேயே சுட்டினார். 1906-ல் மாண்டேகு மரே என்னும் லண்டன் மருத்துவர், தொழில் நோய்களை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். கல்நார் சிக்கெடுக்கும் அறையில் வேலைசெய்து நோயுற்று 1900-ல் இறந்த தம் நோயாளி ஒருவனைப்பற்றி அவர் கூறினார். அவ்வறையில் உடன் உழைத்த பதின்மருள் தான் ஒருவனே எஞ்சியவன் என்று அவன் அவரிடம் சொல்லியிருந்தானாம். இவ்வாறு கேட்டும் 1907-ல் குழுவினர் அளித்த அறிக்கை கல்நாரை அட்டவணையிற் சேர்த்திலது.

இதன் விளைவு யாது என்பதை ஒரு பெண்ணின் வாழ்க்கை காட்டுகின்றது. லங்காஷயரிலுள்ள ராச்டேல் நகரத்து நெல்லி கெர்ஷா என்பவர் தம் பன்னிரண்டாம் வயதிலேயே கல்நார் ஆலையிற் புகுந்தவர். 1917 முதல் டர்னர் சகோதரர் ஆலையில் நூல் நூற்று வந்தார். 1922-ல் மூச்சு இளைத்து வேலையை விட நேர்ந்தது. கல்நார் நச்சே நோய்க்குக் காரணம் என மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அம்மையார் அச்சீட்டை எடுத்துக்கொண்டு இரு வாயில்களைத் தட்டினார். நோயுற்றார்க்கு உதவும் காப்புச் சங்கத்தார், இது தொழிலால் வந்த நோய். ஆதலின் ஈடு தருதல் முதலாளியின் கடன் என்று கைவிரித்தனர். முதலாளிமாரோ, இப்பெயருடைய நோய் சட்டத்தின் அட்டவணையில் இல்லை. ஆதலின் எம்மாற் கொடுத்தல் இயலாது என்றனர். வாரங்கள் பல கழிந்தும் ஒரு காசும் வரவில்லை என்று அவர் ஆலையாருக்கு எழுதிய கடிதத்தால் அறிகின்றோம். 1924-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 14-ம் நாள், முப்பத்து மூன்றாம் வயதில், ஈடு ஒன்றும் பெறாமலே இறந்தார்.

மரண விசாரணையின்பொருட்டு அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக் என்பவர் கல்நார்த் துகள்களை அதனுள்ளே கண்டார். கண்டதை அவ்வாண்டிலேயே பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1927-ல் மீண்டும் எழுதியபொழுது அந்நோய்க்கு அஸ்பெஸ்டோசிஸ் எனப் பெயர் சூட்டினார். அம்மையார் இறந்து மூன்றாண்டு சென்றபின், அவரைக் கொன்ற நோய் பெயர் பெற்றது.

பொருள் இருந்து, அதனைச் சுட்டும் பெயர் இல்லாதபொழுது மக்கள் அப்பொருளை இல்லை என்றே ஒழுகுவர். பெயரின்மை மொழிக்குச் சிறு குறையே; சட்டத்திலோ அது பட்டினியாக முடிகின்றது.

சட்டம் கண் திறந்தமை

பெயர் பிறந்தபின் ஆராய்ச்சியும் விரைந்தது. மெரிவெதர் என்னும் மருத்துவப் பரிசோதகரும் பிரைஸ் என்னும் பொறியியற் பரிசோதகரும் அரசாங்கத்தாரால் ஏவப்பெற்றுக் கல்நார் ஆலைகளை ஆராய்ந்து 1930-ல் அறிக்கை வெளியிட்டனர். சோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் 95 பேர்க்கு நுரையீரல் கல்நார்த் தூசியால் இறுகியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலில் நின்றவருள் ஐவரில் நால்வர் நோயாளிகளாகக் காணப்பட்டனர். இளைஞரைப் பார்த்து, இத்தொழில் தீங்கற்றது என்று கூறிவந்தார்க்கு இக்கணக்கே விடையாயிற்று.

1931-ல் ஆலைத் தூசியை அடக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. அஸ்பெஸ்டோசிஸ் ஈட்டுக்குரிய நோயாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் சட்டம் குறிப்பிட்ட சில வேலைகளையே எண்ணிற்று. கல்நாரை நூற்றோரும் நெய்தோரும் உள்ளே அழைக்கப்பட்டனர். கப்பல் துறையிற் குழாய்க்கு உறையிட்டவனும், கொதிகலத்தைப் பழுது பார்த்தவனும், கட்டடத்திற் பலகை அறுத்தவனும் பெரும்பாலும் வெளியே நின்றனர். தூசி ஒன்றே, சட்டத்தின் சொல் வேறு.

இரண்டாம் உலகப் போரின் பின்னர்ப் பெரியதொரு மாறுதல் நிகழ்ந்தது. 1946-ல் இயற்றப்பெற்று 1948-ம் ஆண்டு ஜூலை 5-ம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிற்காயக் காப்புச் சட்டம், ஈடு கொடுக்கும் பொறுப்பைத் தனித்தனி முதலாளியிடமிருந்து எடுத்துப் பொதுநிதியின்மேல் வைத்தது. அன்று முதலாளியும் தொழிலாளியும் அந்நிதிக்குப் பணம் செலுத்தினர். நோயாளி ஈடு வேண்டி வந்தால் கேட்கப்படும் வினாக்கள் இரண்டே: இவன் இவ்வகை வேலையில் இருந்தானா? இந்நோய் இவனுக்கு உளதா? எந்த முதலாளி, யாருடைய குற்றம் என்பன கேட்கப்படா. நாற்பது ஆண்டு சென்றபின் விழும் கன்றுக்கு அரசனே பொறுப்பேற்றல் என்னும் கருத்து இங்குத்தான் முதன்முதல் வேரூன்றியது.

வாயிலுக்கு வெளியே நின்றோர்

1960-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. வாக்னர் என்பவரும் அவர்தம் தோழரும் அந்நாட்டின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியைச் சார்ந்த 33 மீசோதீலியோமா நோயாளிகளைப்பற்றி எழுதினர். அவர்களுட் பலர் சுரங்கத்தில் வேலை செய்தவர் அல்லர். சுரங்கத்தின் அருகே வாழ்ந்தவர், சிறுவராய் அங்கே திரிந்தவர். 1965-ல் லண்டனில் நியூஹவுஸ், தாம்சன் என்னும் இருவர் நடத்திய ஆராய்ச்சியும் அதனையே வலியுறுத்திற்று. அங்கே நோயுற்றாருள் ஒன்பதின்மர் கல்நாரைக் கையாலும் தொட்டறியாதவர். கல்நார்த் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர் என்பதே அவர்க்கு இருந்த தொடர்பு. அவருட் பலர் பெண்டிர். கணவன் மாலையில் வீடு திரும்பும்பொழுது ஆடையிற் படிந்திருந்த வெண்டூசியை மனைவி உதறித் துவைத்தாள். வேறு சிலர் ஆலையினின்று அரை மைல் எல்லைக்குள் குடியிருந்தவர் என்பதன்றி ஒன்றும் அறியார்.

1966-ல் மீசோதீலியோமா அரசாங்க அட்டவணையில் ஏறியது. ஆயினும் அச்சட்டம் தொழிலாளிக்காக ஏற்பட்டது. ஆடை துவைத்த மனைவி தொழிலாளி அல்லள்; தந்தையின் மடியில் ஏறி விளையாடிய குழந்தை தொழிலாளி அன்று. லீட்ஸ் நகரத்து ஆர்ம்லிப் பகுதியில் 1950-களின் இறுதிவரை ஒரு கல்நார் ஆலை இயங்கிற்று. அதன் தூசி தெருவிற் படிய, சிறுவர் அதனைப் பனிபோல் எண்ணி விளையாடினர். அங்ஙனம் விளையாடிய சிறுமியருள் ஒருவரான ஜூன் ஹான்காக் வளர்ந்து முதிர்ந்தபின் மீசோதீலியோமா நோய்க்கு ஆளானார். அவர் தொடுத்த வழக்கில் 1995-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கிடைத்தது. 1996-ல் மேல்நீதிமன்றமும் அதனை உறுதிப்படுத்திற்று. 1997-ல் அவர் இறந்தார். ஆலைச் சுவர் ஆலையாரின் கடமைக்கு எல்லை அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

எனினும் ஒவ்வொருவரும் நீதிமன்றம் ஏறி வெல்லுதல் கூடுமோ? 2008-ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வாயிலாக, அவ்வாண்டு அக்டோபர் 1-ம் நாள் முதல், பிரித்தானியாவிற் கல்நாரைச் சுவாசித்து மீசோதீலியோமா உற்ற எவரும் அரசாங்கத்தாரிடம் ஒரு தொகை பெறலாம் என்று விதி உண்டாயிற்று. ஆடை துவைத்தவரும், ஆலைக்கு அயலில் வாழ்ந்தவரும், தாமே முதலாளியாய்த் தாமே தொழிலாளியாய் உழைத்தவரும் இதனுள் அடங்கினர். 1965-ல் அறிவியலார் கண்ட மனைவியரைச் சட்டம் கண்டுகொள்ள நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன.

செய்தவனைக் காணாத வழக்கு

அரசாங்கத்தார் அளிக்கும் வார உதவி பிழைப்புக்கு ஒரு துணையே. முழு ஈடு வேண்டுவோர் முதலாளிமேல் வழக்குத் தொடுத்தல் வேண்டும். அங்கே எழுந்தது பெரிய இடர். எழுவாய் வெளிப்படத் தோன்றாவிடினும் பயனிலை நின்று பொருள் தருவதைத் தோன்றா எழுவாய் என்று இலக்கணத்திற் படிக்கின்றோம். நீதிமன்றமோ எழுவாய் தோன்றாத வாக்கியத்தை ஏற்க மறுத்தது. 'நோயுற்றான்' என்றால் மட்டும் போதாது. 'இன்னாரால்' என்பதும் வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த கம்பெனி கலைந்திருக்கும். அதன் இன்ஷ்யூரன்ஸ் சீட்டு எங்கோ மறைந்திருக்கும். முதலாளிமார் யாவரும் தொழிலாளர்பொருட்டு இன்ஷ்யூரன்ஸ் செய்தே தீரவேண்டும் என்னும் 1969-ம் ஆண்டுச் சட்டமும் 1972-லேதான் நடைமுறைக்கு வந்தது.

இவ்விடரை முதலில் ஒருவாறு நீக்கியது 1979-ம் ஆண்டுச் சட்டம். அதன் பிறப்பு வியப்புடையது. வேல்ஸ் நாட்டில் பலகைக்கல் அகழ்ந்த தொழிலாளர் தூசியால் நுரையீரல் கெட்டு நின்றனர். அவர்தம் முதலாளிகளோ தொழிலைக் கைவிட்டு மறைந்தனர். அவ்வாண்டு மார்ச்சு 28-ம் நாள் காலஹன் மந்திரிசபையின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தபொழுது, அத்தொழிலாளர்க்கு ஈடு தருவதாக மந்திரிசபை ஒப்பியதை முன்னிட்டு வேல்ஸ் தேசியக் கட்சியின் மூன்று உறுப்பினர் அதற்கு ஆதரவளித்தனர். ஆயினும் 310-க்கு 311 என்னும் வாக்குக் கணக்கில், ஒரே வாக்கால், மந்திரிசபை வீழ்ந்தது. வீழ்ந்த மந்திரிசபையின் வாக்குறுதி வீழவில்லை. பார்லிமெண்டு கலையுமுன் ஏப்பிரல் 4-ம் நாள் சட்டம் நிறைவேறிற்று. முதலாளி இல்லாமற் போன தூசி நோயாளிக்கு அரசாங்கமே ஒரு மொத்தத் தொகை தருதல் அச்சட்டத்தின் பயன். கல்நார் நோயாளரும் அதன் நிழலில் இடம்பெற்றனர்.

அடுத்த இடர் இதற்கு மாறானது. செய்தவர் ஒருவரும் அகப்படாமை ஒரு குறை. செய்தவர் பலராய் இருத்தல் மற்றொரு குறை. ஒரு தொழிலாளி தன் வாழ்நாளிற் பல முதலாளிகளிடம் உழைத்தான். எல்லோரிடமும் தூசி உண்டான். எவரிடம் உட்புகுந்த இழை புற்றை விளைத்தது என்று எந்த மருத்துவராலும் கூறல் இயலாது. ஆதலின் எவரும் பொறுப்பாளி அல்லர் என்று கீழ்மன்றங்கள் கூறின. 2002-ல் பேர்சைல்டு வழக்கில் பிரபுக்கள் சபை அதனை மாற்றியது. ஆபத்தை மிகுவித்த ஒவ்வொரு முதலாளியும் பொறுப்பாளியே என்பது அதன் தீர்ப்பு. 2006-ம் ஆண்டு மே மாதத்தில் அதே சபை வேறொரு வழக்கில், அவரவர் பங்குக்கு ஏற்ற அளவே ஈடு தருவது போதும் என்றது. மறைந்த முதலாளியின் பங்கு நோயாளிக்கு நட்டமாயிற்று. பார்லிமெண்டு காலம் தாழ்த்தவில்லை. அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே சட்டம் செய்து, மீசோதீலியோமா நோயாளி அகப்பட்ட ஒருவரிடமே முழு ஈட்டையும் பெறலாம் என்று நிலைநாட்டிற்று.

ஒருவரும் அகப்படாத நோயாளிக்கோ 2014-ம் ஆண்டு மீசோதீலியோமாச் சட்டம் துணையாயிற்று. 2012-ம் ஆண்டு ஜூலை 25-ம் நாளன்றோ அதன் பின்னரோ நோய் இன்னதென்று அறியப்பெற்று, முதலாளியையும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியையும் தேடிக் காணாதவர் இதனாற் பயன்பெறுவர். இதற்கு வேண்டும் பொருளை இன்றுள்ள இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளின்மேல் வரியாக விதித்துப் பெறுகின்றனர். அன்று பணம் பெற்ற கம்பெனி எதுவென அறியாமையால், அத்தொழில் முழுவதுமே கடனாளி என வைத்தனர் போலும். முதலில் நீதிமன்றங்கள் வழங்கும் சராசரித் தொகையில் நூற்றுக்கு எண்பது பங்கே கொடுக்கப்பட்டது. 2015 பிப்ரவரி முதல் முழுப்பங்கும் கொடுக்கப்படுகின்றது. தோன்றா எழுவாயுடைய வாக்கியமும் வாக்கியமே என்று சட்டம் இறுதியில் ஒப்புக்கொண்டது.

ஈடு வழங்கும் முறை

இம்முறையிற் கவனிக்கத் தக்கன மூன்று. முதலாவது, விரைவு. மீசோதீலியோமா உற்றவனை, அவன் உடல் எவ்வளவு தளர்ந்தது என்று அளந்து நாட்கடத்தாமல், முற்றும் ஆற்றல் இழந்தவனாகவே தொடக்கத்திற் கொண்டு வார உதவியை அளிக்கின்றனர். இரண்டாவது, உயிரோடு இருக்கும்பொழுதே கேட்டலின் இன்றியமையாமை. 1979-ம் ஆண்டுச் சட்டத்தாலும் 2008-ம் ஆண்டுச் சட்டத்தாலும் நோயாளி நேரே பெறும் தொகை பெரிது; அவன் இறந்தபின் மனைவி மக்கள் பெறுவதோ மிகச் சிறிது. அவர்கள் கேட்டற்கும் ஓராண்டே எல்லை. துயரத்தில் ஆழ்ந்த குடும்பத்துக்கு ஓராண்டு கண்மூடித் திறக்குமுன் கழியும். மூன்றாவது, குற்றவாளியைத் தப்பவிடாமை. அரசாங்கத்தார் முன்னர்க் கொடுத்தபின் நோயாளி வழக்கில் வென்று பெருந்தொகை பெறின், ஈடு செலுத்துவோரிடமிருந்து அரசாங்கத்தார் தாம் கொடுத்ததைத் திரும்பப் பெறுவர். நோயாளி காத்திருக்க வேண்டுவதில்லை. கடமைப்பட்டவன் கடன் நீங்குவதும் இல்லை.

எஞ்சிய குறைகள்

இவற்றால் முறை நிறைந்தது என்று கூறல் இயலாது. 2008-ம் ஆண்டு ஏற்பாடும் 2014-ம் ஆண்டு ஏற்பாடும் மீசோதீலியோமா ஒன்றற்கே உரியன. அஸ்பெஸ்டோசிஸ் நோயாளி தன் பழைய முதலாளியின் இன்ஷ்யூரன்ஸ் சீட்டைக் காணாவிடின் அவனுக்கு அந்த நிதியில் இடம் இல்லை. தானே தனித்து உழைத்தவனுக்கு 1948-ம் ஆண்டு முறையின் வார உதவி இல்லை. நுரையீரற் புற்றுநோய் புகையிலையாலும் வருமாதலின், கல்நாரால் வந்ததென்று காட்டுதல் பெரும்பாடாகின்றது. ஒரே அரசின்கீழும் நீதி இருவேறாய் நிற்றலும் உண்டு. நுரையீரலுறையில் கல்நாராற் படியும் தடிப்புப் படலங்களுக்கு ஈடு இல்லை என்று 2007-ல் பிரபுக்கள் சபை கூறியது. ஸ்காத்லாந்து 2009-ல் தனிச்சட்டம் இயற்றி ஈடு உண்டு என்றது. இங்கிலாந்து அங்ஙனம் செய்திலது. ஆற்றின் இக்கரையில் நோய், அக்கரையில் நோய் அன்று என்பது யாங்ஙனம் பொருந்தும்?

எல்லாவற்றிற்கும் மேலாக, ஈடு என்பது காப்பு அன்று. நீலக் கல்நாரையும் பழுப்புக் கல்நாரையும் இங்கிலாந்து 1985-ல் விலக்கியது. வெள்ளைக் கல்நாரை 1999-லேதான் விலக்கியது. மெரிவெதரின் அறிக்கைக்கும் அவ்விலக்குக்கும் இடையே ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கிடக்கின்றன. அவ்வெழுபது ஆண்டுகளில் உட்கொண்ட தூசியின் பயனாக 2010-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் பிரித்தானியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,500 பேர் மீசோதீலியோமாவால் இறந்தனர்.

நம் நாட்டுக்கு இதனாற் பெறப்படுவது

இவ்வரலாறு நமக்கு முற்றும் அயலானதன்று. 1923-ம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியே எழுந்தது. 1995-ம் ஆண்டு ஜனவரி 27-ம் நாள், கல்நார்த் தொழிலாளர்பொருட்டு வந்த வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அவன் உயிர் வாழும் உரிமையின்பாற்பட்டது என்று தீர்ப்பளித்தது. நோயுற்றவராகக் காணப்படுவார்க்கு ஒரு லட்சம் ரூபாய் ஈடு தருமாறும் ஆணையிட்டது. அத்தீர்ப்பில் எம் உள்ளத்தைக் கவர்ந்தது வேறொரு பகுதி. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலக் குறிப்பையும் வேலை தொடங்கிய நாள்முதல் நாற்பது ஆண்டுகளேனும், வேலை நீங்கியபின் பதினைந்து ஆண்டுகளேனும், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காத்துவைத்தல் வேண்டும் என்பதே அது. இங்கிலாந்தின் நோயாளர் இழந்தது பணத்தை மட்டும் அன்று, சான்றையும் இழந்தனர். ஏடு இருந்தால் எழுவாய் தோன்றும். பழஞ்சுவடிகளைச் செல்லுக்கு இரையாக்கி வருந்திய நம்மவர்க்கு ஏட்டின் அருமையை வேறொருவர் சொல்ல வேண்டுவதில்லை.

நம் ஊர்களிற் கல்நார்த் தகட்டுக் கூரைகள் எத்தனை! அத்தகட்டை வாளால் அறுப்பவனும், உடைந்ததைப் பெருக்கி அள்ளுபவளும் பெரும்பாலும் நாட்கூலிகள். அவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்க்கு நாற்பது ஆண்டின் பின் நோய் வருமாயின், உழைத்ததற்குச் சான்று யாது? இவ்வினாவை நேயர் தம் உள்ளத்தே வைத்து எண்ணுவாராக.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், காலந்தாழ்த்து வரும் நோய்க்குச் 'செய்தவனைக் காட்டுக' என்னும் நீதி போதாது என்பதும், அந்நிலையிற் பொறுப்பேற்றல் அரசின் கடன் என்பதும், அவ்வாயில் ஒவ்வொரு முறையும் வெளியே நின்ற ஒருவருடைய துன்பத்தாலேயே அகன்றது என்பதும் இனிது விளங்கும். பெயரில்லா நோயால் நெல்லி கெர்ஷா இறந்தார்; பின்வந்தார்க்குப் பெயர் கிடைத்தது. பலகைக்கல் தொழிலாளர் முதலாளியை இழந்து நின்றனர். பின்வந்தார்க்குச் சட்டம் கிடைத்தது. ஆடை துவைத்த பெண்டிர் அழைப்பாரின்றி மாய்ந்தனர். பின்வந்தார்க்கு இடம் கிடைத்தது. எனினும் முன்சென்றவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

மனுவேந்தன் வாயிலில் மணி கட்டினான். அதனைப் பசுவுக்கும் எட்டுமாறு கட்டினான். பின்னதே அரிய செயல் என்று இன்று உணர்கின்றோம். மூச்சுக் குறைந்தவன் ஏணி வைத்து ஏறி மணியடித்தல் இயலாது. கயிற்றைத் தாழ்த்திக் கட்டுதலும், ஒலி கேட்டபின் விரைந்து எழுந்து வருதலும் அரசின் கடன். ஒலிப்பதன்முன் தூசியை அடக்குதலோ அதனினும் சிறந்த அறமாகும்.